கொட்டாஞ்சேனையில் வாங்கிய இனிப்பு

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வவுனியாவில் ரயில் ஏறினேன். இரண்டாம் வகுப்பு, யன்னலோர இருக்கை. கொழும்புக் கோட்டை வரை இருநூற்றைம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. சொன்ன நேரத்துக்குப் போனால் ஐந்து மணித்தியாலம் என்றார்கள். சொன்ன நேரத்துக்குப் போகும் என்று நான் நம்பவில்லை.

நம்பாமல் இருப்பது என் தொழில் தந்த பழக்கம். இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நின்றவள் நான். "மருந்து ஒழுங்காப் போடுறனான் மிஸ்" என்று சொல்பவர் ஒழுங்காகப் போடுவதில்லை என்பது அந்த யன்னலில் படித்த முதல் பாடம். ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியும் அது போகவில்லை.

புறப்பட்டதற்குக் காரணம் அண்ணியின் தொலைபேசி அழைப்பு. "மச்சாள், ஒருக்கா வந்து உங்கட அண்ணாவைப் பாருங்கோ" என்றார். என்ன விஷயம் என்று கேட்டேன். "போனில சொல்ல ஏலாது" என்று வைத்துவிட்டார். அண்ணாவுக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். அவர்களுடைய ஒரே மகன் போன வருடம் கனடா போய்விட்டான். வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி பிளாட் ஒன்றில் இருவரும் தனியே இருக்கிறார்கள். என் பையில் முருங்கைக்காய் ஒரு கட்டும், இரத்தத்தில் சீனி பார்க்கும் என் சொந்த மீட்டரும் இருந்தன.

பொல்காவலை தாண்டியதும் ஒருவர் கூடையோடு ஏறி, காய்ந்த பாளையில் சுற்றிய, கித்துள் என்ற கூந்தற்பனையின் கருப்பட்டி விற்றுக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் இரண்டு கட்டி வாங்கினார்.

"நீங்களும் வாங்குங்கோ. இயற்கைதானே, சீனி வருத்தக்காரரும் சாப்பிடலாம்" என்றார் என்னிடம்.

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம்."

நான் வாங்கவில்லை. கித்துளில் சீனியில் இல்லாத சத்து சிறிதளவு இருக்கலாம். ஆனால் இரத்தத்துக்குள் போனால் அதுவும் சீனிதான். மருந்து யன்னலில் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்திருக்கிறது. ரயிலிலும் சொல்லத் தொடங்கினால் கோட்டை வரை சண்டை என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று ஐம்பது. அங்கிருந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்குப் பதினைந்து ரூபா. ஒன்பது கிலோமீற்றர் வரும். வழி முழுதும் கடல் வலது பக்கம் கூடவே வந்தது. கொள்ளுப்பிட்டியில் ஓர் அலை பாறையில் அடித்து, வாசலில் தொங்கியவர்களை நனைத்தது. இந்த ரயிலில் போவதற்காகவே ஒருவர் கொழும்புக்கு வரலாம்.

வெள்ளவத்தை நிலையத்திலிருந்து காலி வீதிப் பக்கம் ஏறும் ஒழுங்கையில்தான் அண்ணாவின் பிளாட். நடந்தால் ஆறு நிமிடம். கதவைத் திறந்த அண்ணாவைப் பார்த்ததும் என் மனம் சுருக்கென்றது. சேட்டு தோளில் தொங்கியது. கழுத்து மெலிந்திருந்தது. ஆனால் முகத்தில் உற்சாகம்.

"பார் வசந்தி, எட்டுக் கிலோ குறைச்சுப்போட்டன். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை."

"மருந்து இல்லையோ?"

"மாத்திரை வயித்தைக் குழப்புது. விட்டு மூன்று மாசம். இப்ப எல்லாம் இயற்கை."

மேசையில் ஒரு தகர டப்பாவும் ஒரு போத்தலும் இருந்தன. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தாளில் பேனாவால் 'ஸ்டீவியா' என்று எழுதியிருந்தது. சீனித்துளசி என்று நம்மவர் சொல்லும் செடியின் இலை அது. சீனியை விடப் பல மடங்கு இனிக்கும், இரத்தத்தில் சீனியை ஏற்றாது. போத்தலில் இருந்தது கித்துள் பாணி என்ற பாகு. இரண்டும் கொட்டாஞ்சேனையில் ரெஜினா அக்கா என்ற ஒரு மனுசியிடம் வாங்கியவை என்றார் அண்ணா.

அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். வரச்சொன்னவர் ஏன் முகம் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அண்ணா டப்பாவைத் திறந்து, இரண்டு தேக்கரண்டி வெள்ளைத் தூளை அள்ளிப் போட்டுக் கலக்கினார். மூடியின் விளிம்பில் எறும்புகள் ஊர்ந்தன.

ஸ்டீவியாத் தூள் என்றால் ஒரு சிட்டிகை காணும். இரண்டு கரண்டி போட்டால் குடிக்க முடியாது. நான் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். உடனே கரைந்தது. நாக்கின் அடியில் நிற்க வேண்டிய கசப்பு வரவேயில்லை.

"அண்ணா, இது சீனி."

"தொடங்கிட்டாய்! உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்."

"விரலைத் தாங்கோ, ஒருக்காப் பாப்பம்" என்று என் மீட்டரை எடுத்தேன். அவர் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். "விருந்துக்கு வந்தனியோ, என்னைச் சோதிக்க வந்தனியோ? நான் நாளுக்கு நாள் பாத்து எழுதி வைச்சிருக்கிறன்" என்று ஒரு நாற்பது பக்கக் கொப்பியை முன்னால் தள்ளினார்.

நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பன்னிரண்டு. பக்கம் பக்கமாக, ஒரு நாளும் தவறாமல். அண்ணாவின் அழகான சாய்ந்த கையெழுத்து. சிறுவயதில் அந்தக் கையெழுத்தைப் பார்த்தெழுதித்தான் நான் எழுதப் பழகினேன். தூள் சீனியாக இருந்தால் இந்த அளவுகள் எப்படி வரும் என்று குழம்பினேன். கொஞ்சம் சீனி, கொஞ்சம் வேறு ஏதோ மருந்து என்று கலந்து விற்கிறாளோ அந்த ரெஜினா? அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். என் சந்தேகம் முழுவதும் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணாவும் நானும் காலி வீதியில் நடந்தோம். வெள்ளவத்தை ஞாயிறு என்றால் கோயிலுக்குப் போகிறவர்களும், சேலைக் கடைகளில் ஏறி இறங்குகிறவர்களும், இடியப்பப் பார்சலுக்கு நிற்கிறவர்களும் ஒன்றாக மோதும் நாள். நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு பாமசியில் செயற்கை இனிப்புக் குளிசை, நூறு கொண்ட சிறு டப்பா நானூற்று இருபது ரூபா. பக்கத்துப் பலசரக்குக் கடையில் கித்துள் பாணி இரண்டு வகை. ஒன்று எழுநூற்றைம்பது ரூபா, மற்றது முந்நூற்றெண்பது. இரண்டிலும் 'சுத்தமானது, இயற்கையானது' என்ற ஒரே வாசகம். முந்நூற்றெண்பது ரூபாப் போத்தலின் மூடியும் வீட்டுப் போத்தலின் மூடியும் ஒரே மாதிரி இருந்தன. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது பாதசாரிக் கடவையில் வீதியைக் கடந்தோம். அண்ணா மகனைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தார். டொரொன்டோவில் அவனுக்குக் கிடைத்த வேலை, அங்கே விழும் பனி. மறுகரையில் ஏறியபோதுதான் கவனித்தேன். அவருடைய இடது காலில் செருப்பு இல்லை.

திரும்பிப் பார்த்தேன். றப்பர்ச் செருப்பு வீதியின் நடுவில் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஓட்டோ அதன் மேல் ஏறிப் போனது. அண்ணா இன்னும் பனியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். கொதிக்கும் தாரில்.

"அண்ணா, செருப்பு."

அவர் குனிந்து பார்த்தார். வேறு ஒருவருடைய காலைப் பார்ப்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

"உங்களுக்குச் சுடேல்லையோ?"

"பழகிட்டுது" என்றார். முகம் வெளிறியிருந்தது.

வீட்டுக்கு வந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். சின்ன விரலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டர். அதை உரித்தால், ஐந்து ரூபாக் குற்றி அளவில் ஒரு புண், சுற்றிலும் கறுத்து. எப்போது வந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். நோகவில்லையாம். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நோகாத புண்தான் காலைக் கொண்டுபோகும் புண். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவர் குரலை உயர்த்தினார். "உன்ர ஆஸ்பத்திரியை வவுனியாவில விட்டுட்டு வா. புதன்கிழமை கிளினிக். அண்டைக்குப் போவம்."

அண்ணி சுவரோடு நின்றார்.

அந்தத் தூளைச் சீனி என்று கண்முன்னால் நிரூபித்தால்தான் இவர் அசைவார் என்று எனக்குப் பட்டது. தூளில் கொஞ்சத்தை ஒரு சிறு போத்தலில் எடுத்துக்கொண்டேன். விற்றவளின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். ஒரு நாளை அதற்காக வீணாக்கியது இன்றும் என்னைக் குத்துகிறது.

திங்கட்கிழமை காலை எட்டரை ரயிலில் கோட்டைக்குப் போனேன். அங்கிருந்து புறக்கோட்டைக்குள் நடந்தேன். சுமை தூக்கும் நாட்டாமிமார் வெங்காய மூட்டைகளை வண்டியில் ஏற்றி "பாரம், பாரம்" என்று கத்திக்கொண்டு வர, ஆட்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். பாணியும் கருப்பட்டியும் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் ஏறி, கடைக்காரரிடம் நேரே கேட்டேன். "இந்தப் பாணியில சீனி கலக்கிறதோ?"

தொப்பி போட்ட நடுவயதுக்காரர் அவர். கோபிக்கவில்லை.

"நல்ல கித்துள் பாணி நானூறு ரூவாக்கு வராது மெடம். வந்தா, அதுக்குள்ள சீனி ஈக்கி. வாங்குறவங்களுக்கும் தெரியும், விக்கிறவங்களுக்கும் தெரியும். எல்லாரும் சும்மா ஈக்கிறாங்க."

"ஸ்டீவியாத் தூள்?"

"அது நம்ம கிட்ட இல்ல. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு அம்மா விக்கிறாங்கன்னு கேள்வி."

போதும் என்று வெளியே வந்து ஓட்டோ பிடித்தேன். கொட்டாஞ்சேனைக்கு மூன்று கிலோமீற்றர், நூற்று எழுபது ரூபா. சாரதி மலையகத்துப் பிள்ளை, ஹட்டன் பக்கம். "யாரைப் பாக்கப் போறீங்க அக்கா?" என்றான். ரெஜினா அக்காவை என்றேன். "கீரைத்தூள் அம்மாவா? நல்லவங்க" என்றான். இவனுக்கும் இதில் ஏதும் கிடைக்குமோ என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒடுக்கமான சந்துக்குள் அந்த வீடு. முன்னறைதான் கடை. மாதா படத்துக்கு முன்னால் சின்ன மின்விளக்கு. தட்டுகளில் கித்துள் கருப்பட்டி, பனங்கட்டி, தென்னம் பாணி, தேன். மேசைக்குப் பின்னால் அறுபது மதிக்கத்தக்க, நரைத்த குட்டை முடி கொண்ட பெண். துறைமுக அலுவலகம் ஒன்றில் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று பிறகு அறிந்தேன். இரண்டு பெண்கள் கையில் தூள் பக்கெற்றோடு காசு கொடுக்க நின்றார்கள். ஒருவர் பூப்போட்ட சட்டை போட்ட வயதானவர். மற்றவர் இளம் தாய்.

நான் என் சிறு போத்தலை மேசையில் டக்கென்று வைத்தேன்.

"இதை ஸ்டீவியா எண்டு வித்தது நீங்களோ? இது சீனி. என்ர அண்ணாட கால் அழுகுது."

இளம் தாய் தன் பக்கெற்றை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். பூப்போட்ட சட்டைக்காரரும் தன்னுடையதை வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்துப் போனார்.

ரெஜினா அக்கா கத்தவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வெள்ளை."

"ஓம், வெள்ளை."

"நான் விக்கிறது பச்சை, மிஸ்."

மேசையில் விட்டுப்போன பக்கெற் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். காய்ந்த இலையை இடித்த பச்சைத் தூள். வைக்கோல் மணம். "நாக்கில வைச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். முதலில் இனிப்பு வந்தது, பின்னால் கசப்பு வந்து நின்றது. எச்சில் விழுங்கிய பிறகும் அது போகவில்லை.

"நுவரெலியாவில தங்கச்சி வீட்டுத் தோட்டத்தில வளக்கிறது. நான் ஒரு நாளும் வெள்ளைத் தூள் வித்ததில்ல. வெள்ளவத்தை, உயரமான ஐயா, மகன் கனடாவில. அவர்தானே? அவர் ஒரே ஒரு தரம்தான் வந்தார். நாலு மாசம் இரிக்கும். பாணியும் கேட்டார். சீனி வருத்தக்காரருக்குப் பாணி குடுக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பினேன். அங்க பாருங்க."

கதவு நிலைக்கு மேலே ஒரு மட்டை தொங்கியது. கையால் எழுதியிருந்தது: 'சீனி வருத்தம் உள்ளவர்கள் பாணி, கருப்பட்டி, தேன் கேட்க வேண்டாம்.' அதன் கீழால்தான் நான் சண்டை பிடிக்க நுழைந்திருந்தேன்.

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. வெள்ளையை ஒளித்துவிட்டுப் பச்சையைக் காட்டுகிறாளோ? தட்டுகளின் பின்னால் எட்டிப் பார்த்தேன். ரெஜினா அக்கா எழுந்து, உள்ளறைக் கதவையும் திறந்துவிட்டார். "பாருங்க" என்றார். அங்கே கட்டிலும், தையல் மெஷினும், இலை காயப்போட்ட சுளகு இரண்டும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மட்டக்குளியிலிருந்து வரும் 155ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தைக்கு நேரே போகும். வாகன நெரிசலில் ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. நடத்துனர் "இஸ்ஸரஹட, இஸ்ஸரஹட" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அண்ணா ஒரே தரம்தான் வாங்கினார். அது பச்சை. வீட்டில் இருப்பது வெள்ளை. அந்த டப்பாவை நிரப்புவது யார்? மருதானை வரும்போது விடை தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளவத்தை வரவே கூடாது போல் இருந்தது.

பிற்பகல் இரண்டு மணி. அண்ணா படுத்திருந்தார். நான் குசினிக்குள் போய் மிக்ஸியின் சிறிய கோப்பையைத் திறந்து விரலால் துடைத்தேன். வெள்ளை மா. அண்ணி வாசலில் நின்று பார்த்தார்.

"அண்ணி, நீங்களோ?"

அவர் நிலத்தில் இருந்துவிட்டார்.

"பிள்ளை போன பிறகு அவர் ஒழுங்காச் சாப்பிடேல்லை மச்சாள். அந்தப் பச்சைத் தூளைப் போட்டுத் தேத்தண்ணி குடுத்தா, கசக்குது எண்டு தொட்டியில ஊத்துவார். பிறகு பேசாமல் கடலைப் பாத்துக்கொண்டு இருப்பார். நாள் முழுக்க. ஒரு நாள் ஒரே ஒரு கரண்டி சீனி அரைச்சுக் கலந்தன். இப்ப சுத்தப்படுத்தின வெள்ளைத் தூள் வருது எண்டு சொன்னன். குடிச்சுட்டுச் சிரிச்சார். எத்தினை மாசத்துக்குப் பிறகு சிரிச்சார் தெரியுமே? பிறகு இரண்டு கரண்டி. பிறகு முழுக்க."

"மாத்திரையை விட்டது தெரிஞ்சும்?"

"கொப்பியைப் பாப்பன். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைஞ்சு. ஒண்டும் ஏறேல்லைத்தானே எண்டு மனசைத் தேத்துவன். அந்தப் புண்ணைக் கண்ட பிறகுதான் உங்களுக்கு போன் எடுத்தனான். நீங்கள் வந்து நிண்ட உடன வாய் வரேல்லை."

நான் அண்ணா படுத்திருந்த அறைக்குப் போய் அவருடைய மீட்டரைத் தேடி எடுத்தேன். அலுமாரியில், சேட்டுகளுக்கு அடியில் இருந்தது. அமத்தினால் பழைய அளவுகளைக் காட்டும் மீட்டர் அது. கடைசியாகப் பார்த்தது மூன்று மாதத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கொப்பியில் இருந்த அத்தனையும் அவர் மேசையில் இருந்து இட்டுக்கட்டி எழுதியவை. தூளைச் சந்தேகித்தேன், போத்தலைச் சந்தேகித்தேன், ஓட்டோக்காரப் பிள்ளையைக்கூடச் சந்தேகித்தேன். அண்ணாவின் கையெழுத்து என்பதால் கொப்பியை மட்டும் விட்டுவிட்டேன்.

அண்ணா கட்டிலில் எழுந்து இருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"அது சீனி எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார் மெதுவாக. "பதினொரு வருஷம் சீனி இல்லாமல் குடிச்சவனுக்குச் சீனி தெரியாதே? நான் கேட்டால் அவள் நிப்பாட்டிப் போடுவாள். கூடின அளவு எழுதினாலும் நிப்பாட்டிப் போடுவாள். பாணியும் இஞ்ச பக்கத்துக் கடையிலதான் வாங்கினனான்."

அண்ணி கதவில் சாய்ந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"நீ அரைச்சுப்போட்டாய், நான் எழுதிப்போட்டன்" என்றார் அண்ணா, அவரைப் பார்க்காமலே. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நான் ஊசியைக் குத்தினேன். முந்நூற்று நாற்பத்தாறு.

அன்று பிற்பகலே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளம் டொக்டர் ஒருவர் புண்ணைப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். இன்சுலின் தொடங்கினார்கள். நான்காம் நாள் சின்ன விரலை எடுக்க வேண்டி வந்தது. பாதம் தப்பும் என்பது நிச்சயமாக இன்னும் ஒன்பது நாள் ஆனது. அத்தனை நாளும் அண்ணி வார்டு வாசல் வாங்கில் இருந்தார். முதல் மூன்று நாள் அண்ணா அவரோடு கதைக்கவில்லை. நான்காம் நாள், விரலை எடுக்கக் கொண்டுபோகும்போது, "பக்கத்தில வா" என்றார். நான் விலகி நடந்தேன்.

மூன்று கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை, வவுனியா திரும்பப் பயணப் பையோடு வெளிக்கிட்டேன். பிற்பகல் ஒன்றே முக்கால் ரயிலுக்குச் சீட்டு எடுத்திருந்தேன். அதற்கு முன் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். காலை பத்தரை மணி. ரெஜினா அக்கா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, மன்னியுங்கோ என்றேன்.

முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு நீங்க சொன்னது ஆட்களுக்கு முன்னால, மிஸ். மாதா கோயில்ல கூட என்னப் பாத்து ஒதுங்குறாங்க. இதையும் ஆட்களுக்கு முன்னால சொல்லுங்க."

நியாயம். பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தேன்.

பதினொரு மணி. ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டு. மழை தூறி விட்டது. பன்னிரண்டரைக்கு, துறைமுகச் சீருடையில் ஒருவர் வந்து ஒரு பக்கெற் கேட்டார். நான் எழுந்து சொன்னேன். இந்தக் கடையில் சீனி கலந்து விற்பதாக நான் சொன்னது பொய்யாகிப் போனது, இங்கே இருப்பது நல்ல சாமான், பிழை எங்கள் வீட்டில் நடந்தது என்று.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பயணப் பையைப் பார்த்தார். பிறகு ரெஜினா அக்காவிடம் திரும்பினார். "இவங்களுக்கு எவ்வளவு குடுக்கிறீங்க அக்கா?" என்று கேட்டுவிட்டு, யோசித்து வருவதாகச் சொல்லி வெறுங்கையோடு போய்விட்டார்.

ரெஜினா அக்கா நெற்றியில் கை வைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. "போதும் மிஸ். நீங்க போங்க. இன்னும் ரெண்டு பேருக்குச் சொன்னீங்கன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான். ரயிலும் போயிரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மருந்து யன்னலுக்கு உள்ளேயிருந்து இருபத்தெட்டு வருடம் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. ஊரில் என் சொல்லை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவள் சொன்னால் சரி. இங்கே, ஒரு சந்துக்குள், உண்மையைச் சொல்லியும் எடுபடாமல் நின்றேன்.

"ரயில் போகட்டும்" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு கோப்பைச் சோறும் கீரையும் கொண்டுவந்து தந்தார். சாப்பிட்டோம். ஒன்றே முக்கால் ஆகிப் போனது.

நான்கு மணிக்கு, குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் படியேறினார். பூப்போட்ட சட்டை அன்றைக்கு வேறு. முகம் அதே முகம். அன்று பக்கெற்றை வைத்துவிட்டுப் போனவர். என்னைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"அம்மா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன். இந்த முறை சாமானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி அரைத்ததையும், அண்ணா எழுதியதையும், நான் வந்து கத்தியதையும் நடந்தபடியே சொன்னேன். அவர் கதவடியிலேயே நின்று கேட்டார். முடித்ததும் குடையைச் சுவரோடு சாத்திவிட்டுக் கிட்ட வந்தார்.

"அண்ணனுக்கு இப்ப எப்படி?" என்றார்.

மூன்று கிழமையில் சந்தேகப்படாமல் என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான். "ஒரு விரல் போயிட்டுது. கால் இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெஜினா அக்கா கதிரையை என் பின்னால் நகர்த்திவிட்டார்.

ஆறு மணிக்குப் புறக்கோட்டையில் வவுனியா பஸ் ஏறினேன்.